கப்பலுக்குக் கட்டுச்சோறு எதற்கு?

மேட்டூரில் தண்ணீர் என்றால் அடிக்கணக்கு. "இன்னைக்கு எத்தனை அடிங்க?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால், அணையின் நீர்மட்டத்தைத்தான் கேட்கிறார் என்று விளக்க வேண்டியதில்லை. 120 அடியைத் தொட்டுவிட்டால் ஊருக்கே ஒரு மிடுக்கு வந்துவிடும். மட்டம் வெகுவாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். அதைப் பார்க்க ஒரு கூட்டம் கிளம்பும். பண்ணவாடித் துறையிலிருந்து மறுகரை நாகமரைக்குப் படகில் போகிறவர்கள் மொபெட்டையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஆக, இந்த ஊருக்குப் படகு பழக்கம்தான். பழகாதது கடலும் கப்பலும்.

அந்தக் குறையும் இப்போது தீர்ந்துகொண்டிருக்கிறது. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் கப்பல் அது. 1990-ல் பிரான்சில் கட்டப்பட்டது. நீளம் சுமார் 210 மீட்டர், பதினோரு தளங்கள். இரண்டு இரவு கடலில் சுற்றிவிட்டு வரும் பயணம், விசாகப்பட்டினம் வரை போய்வரும் பயணம் என்று ஆரம்பித்தார்கள். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைத் துறைமுகங்களுக்குப் போனது. பருவத்துக்குப் பருவம் தடம் மாறுகிறது, கட்டணமும் மாறுகிறது. ஆனால் பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தருவது இன்று சினிமாவில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

டிக்கெட் கைக்கு வந்ததும் வீட்டில் முதலில் சூடாவது வாணலிதான். புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் தயாராகும். தட்டுவடை ஒரு டின், முறுக்கு ஒரு டின், இட்லிக்குப் பொடி தடவி ஒரு தூக்கு. வெளியூர் என்றால் பசிக்குமே என்ற பயம் நம் பெட்டிகளில் பாதியை நிரப்பிவிடுகிறது. கப்பலில் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. காலை இட்லி, தோசையில் தொடங்கி நள்ளிரவு வரை ஏதாவது ஒரு தளத்தில் ஏதாவது ஒரு பந்தி நடந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான பயணங்களில் அந்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் பணம் வாங்கியிருக்கிறார்கள். பயப்பட வேண்டிய விஷயங்கள் வேறு: கப்பலில் மெடிக்கல் ஷாப் கிடையாது, ஜெராக்ஸ் கடை கிடையாது, மறந்ததை எடுத்துவர அடுத்த நிறுத்தத்தில் இறங்கவும் முடியாது. பெட்டி கட்டும் யோசனையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கேட்டுக்கு முன்பே காலி செய்யுங்கள்

கட்டுச்சோறே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேட்டூரிலிருந்து சேலம் போய், அங்கிருந்து ராத்திரி ரயில் பிடித்து விடியற்காலையில் சென்ட்ரலில் இறங்குகிறவருக்குப் புளிச்சோற்றைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் துறைமுக கேட்டுக்கு முன்பே அந்தத் தூக்கைக் காலி செய்துவிட வேண்டும். பெரும்பாலான சொகுசுக் கப்பல்களில் வீட்டில் சமைத்த உணவை ஏற்ற விடமாட்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஒரே கூரையின்கீழ் சாப்பிடும் இடம். ஒருவருக்கு வாந்திபேதி வந்தால் இரண்டே நாளில் ஒரு தளமே படுத்துவிடும். நோரோ வைரஸ் கப்பல்களில் பரவிய கதைகள் உலகம் முழுக்க உண்டு. அதனால் உள்ளே வரும் உணவெல்லாம் தங்கள் சமையலறை வழியாக மட்டுமே வரவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வெளி மதுவுக்குத் தடை என்பதில் மட்டும் சுகாதாரத்தோடு வியாபாரமும் கலந்திருக்கிறது. அதை மறைத்துச் சொல்வானேன்? கைக்குழந்தையின் பால் பவுடர், டாக்டர் சொன்ன பத்திய உணவு போன்றவற்றுக்கு விலக்கு தருவார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி தனிப் பஞ்சாயத்து. வெற்றிலை போகலாம் போகாமலிருக்கலாம். பாக்குவெட்டி நிச்சயம் ஸ்கேனரில் மாட்டும். துறைமுகத்தின் காவல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கையில் இருக்கிறது. விமான நிலையத்தில் பார்ப்பதுபோலவே பையை எக்ஸ்ரேயில் விட்டுப் பார்ப்பார்கள். கத்தி, அரிவாள்மனை வகையறா எதுவும் வேண்டாம். சாமி படம் கொண்டுபோகலாம், விபூதி குங்குமம் கொண்டுபோகலாம். சூடம், ஊதுபத்தி, அகல் விளக்கு கூடவே கூடாது.

தீயைப் பற்றி ஒரு பழைய கணக்கு

சூடத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு கப்பலின் பெயரைச் சொல்ல வேண்டும்: எம்.வி. சிதம்பரம்.

மேட்டூர்ச் சீமைக்குக் கடல் பயணம் புதுசு என்று மேலே சொன்னது பாதி உண்மைதான். சுற்றுலாவாகத்தான் அது புதுசு. திருச்சி, சேலம், மதுரை ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஆட்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது ஒரு பெரிய காலம். மண்டபம் முகாமில் சோதனை முடிந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர் ஏறினார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1984-ல் அதுவும் நின்றது. மலேயாப் பக்கம் போனவர்களுக்கு 'ரஜூலா'. 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அலுக்காமல் ஓடிய கப்பல். அதில் பெரும்பாலோர் டெக் பயணிகள். அறை கிடையாது, கட்டில் கிடையாது. டிரங்குப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாயை விரித்த இடம்தான் வீடு. அவர்கள் பெட்டி கட்டியது பிழைக்கப் போகிறவர்களின் கணக்கில்.

ரஜூலாவுக்குப் பிறகு அந்தத் தடத்தை எடுத்துக்கொண்டது சிதம்பரம். 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது நடுக்கடலில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே பயணிகள் கப்பல் என்ற தலைமுறைப் பழக்கம் அத்தோடு முடிந்துபோனது. கரையில் தீப்பிடித்தால் வீட்டைவிட்டு ஓடலாம், ஃபயர் சர்வீஸ் வரும். கடலில் ஓட இடமில்லை, அணைக்க வேண்டியதும் கப்பலில் இருப்பவர்களே.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தடைப் பட்டியலைப் படித்தால் கோபம் வராது. அயர்ன் பாக்ஸ் கூடாது. மின்சாரக் கெட்டில் கூடாது. ராத்திரி வெந்நீருக்கு வேறு வழி கேட்டுப் பெறலாம். நீரில் முக்கும் ஹீட்டர் சுருள் கூடவே கூடாது. பலர் யோசிக்காதது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நாலு பேர், நாலு செல்போன், சுவரில் ஒரே ஒரு பிளக் என்பதால் அதைத்தான் முதலில் பைக்குள் போடுவோம். மின்னழுத்தம் எகிறுவதைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைத்த பெட்டி என்றால் இன்னும் மோசம். வீட்டில் ஒரு கம்பியில்தான் மின்சாரம், மற்றது நியூட்ரல். பல கப்பல்களில் இரண்டு கம்பியிலுமே மின்னழுத்தம் இருக்கும். அங்கே இந்தப் பாதுகாப்புக் கருவியே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-ல் எச்சரித்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரே தலையில் நாலு யுஎஸ்பி ஓட்டை உள்ள சார்ஜர் போதும். பழைய வெளிநாட்டுக் கப்பல்களில் பிளக் ஓட்டைகள் நம் ஊர் மாதிரி இருக்காது என்பதால் உலக அடாப்டர் ஒன்றும் வேண்டும்.

இரண்டு பை, இரண்டு வேலை

துறைமுகத்தில் பெரிய பெட்டியை உங்கள் கையிலிருந்து வாங்கி, அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி, ஊழியர்களே கப்பலுக்குள் கொண்டுபோவார்கள். மரியாதையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பெட்டி உங்கள் அறை வாசலுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். முதல் தடவை போகிறவர்கள் திணறுவது இங்கேதான். மதியம் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை பெட்டிக்குள், பெட்டி எங்கேயோ மூன்றாம் தளத்தில். ஆகவே தோளில் மாட்டும் பை ஒன்று தனியாக இருக்க வேண்டும். அதை யார் கேட்டாலும் தரக்கூடாது. மருந்து, காகிதம், மூக்குக்கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத்துணி, குழந்தை இருந்தால் அதன் சாமான்கள் எல்லாம் இதில்தான். நகையும் பணமும்கூட, ஆனால் நகையை வீட்டில் விட்டுப் போவதே உத்தமம், கடற்காற்றுக்கு யாரும் ஆரம் போட்டுப் பார்க்கப் போவதில்லை.

பெரிய பெட்டி என்றதும் பரணிலிருக்கும் ஆளுயரப் பெட்டியை இறக்காதீர்கள். கப்பல் அறை நம் வீட்டுச் சமையலறை அளவுதான் இருக்கும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய நடுத்தர அளவுத் துணிப்பெட்டி சரியாக இருக்கும். நூறு கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே நம்முடையதைக் கண்டுபிடிக்கக் கைப்பிடியில் மஞ்சள் கயிறோ சிவப்புத் துணியோ கட்டுங்கள். வெளியே செல் நம்பர் எழுதியதோடு நிற்காமல், உள்ளேயும் ஒரு காகிதத்தில் பெயரும் நம்பரும் எழுதிப் போடுங்கள்.

இனிஷியல் என்னும் வம்பு

காகிதங்களில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது தமிழர்களுக்கென்றே வாய்த்த சிக்கல். ஆதாரில் 'செல்வி ரா', பான் அட்டையில் 'ஆர். செல்வி', பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக உட்கார்ந்திருக்கும், டிக்கெட் எடுத்த பிள்ளை அவசரத்தில் கணவர் பெயரைச் சேர்த்து அடித்திருப்பான். பஸ்ஸில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. துறைமுகத்தில் எழுத்துக்கு எழுத்து பார்ப்பார்கள். டிக்கெட் எடுக்கும்போதே, காட்டப்போகும் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே அடிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே தவறாக எடுத்திருந்தால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நிறுவனத்துக்கு எழுதித் திருத்துங்கள்.

உள்நாட்டுப் பயணத்துக்கு அரசு தந்த அடையாள அட்டை, அசலாக. குழந்தைக்குப் பிறப்புச் சான்று. கப்பல் இலங்கையைத் தொடுவதாக இருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காலாவதி உள்ள பாஸ்போர்ட்டும், இலங்கைக்கு இணையத்தில் வாங்கும் பயண அனுமதியும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: 24 வாரத்தைத் தாண்டியவர்களைப் பல கப்பல்கள் ஏற்றுவதில்லை, அதற்கு முன்பு என்றாலும் டாக்டர் கடிதம் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள். செல்போனில் போட்டோ இருக்கிறதே என்பார்கள். செல்போன் சார்ஜ் தீர்ந்தால்?

செல்போன் என்றதும் இன்னொன்று. கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னலும் மறைந்துவிடும். அதற்குப் பிறகு போனில் ஏதாவது கோடு தெரிந்தால் அது கப்பலின் சாட்டிலைட் வலை; தெரியாமல் அதில் பேசிவிட்டால் பில் மயக்கம் வரவைக்கும். ஏறியதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவது நல்லது. சிக்னல் இல்லையென்றால் ஜிபேயும் இல்லை. கார்டில் இணையம் வழியாகக் கட்டப் போனால் ஓடிபியும் வராது. கீரைக்காரம்மாவுக்கும் ஸ்கேன் செய்து பழகியவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. கப்பலில் செலவுகளை அறை அட்டையில் ஏற்றிக்கொண்டு பிறகு கணக்கு முடிப்பார்கள். ஏறும்போதே எந்த வழியில் கட்டுவீர்கள் என்று கேட்பார்கள். ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

கொல்லிமலைப் பரீட்சை

கப்பலில் தலைசுற்றுமா என்று கேட்கிறவர்களுக்கு நாமக்கல்காரர்களிடம் ஒரு பரீட்சை தயாராக இருக்கிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அதில் பஸ்ஸில் ஏறி வாந்தி எடுக்காமல் இறங்கினீர்களா? கடல் உங்களை அதிகம் தொந்தரவு செய்யாது. ஏற்காட்டின் 20 வளைவுக்கே எலுமிச்சம்பழம் தேடியவர் என்றால் தயாராகப் போங்கள். இரண்டிலும் நோய் ஒன்றுதான்: காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுகிறோம் என்கிறது, அறைச்சுவரைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது, மூளை குழம்பி வயிற்றின்மேல் பழி போடுகிறது. அதனால்தான் அறைக்குள் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பவருக்கு அதிகமாகக் குமட்டும், மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பவருக்குக் குறையும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. அறை தேர்வு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்கலாம். இஞ்சி மரப்பா, எலுமிச்சை மிட்டாய் என்று கவர் பிரிக்காத பொட்டலமாக வாங்கிப் போடுங்கள். குமட்டலுக்கான மாத்திரை, குமட்டல் வந்தபின் போட்டால் பெரிதாகப் பலனில்லை. ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும் என்பதாலும், பிரஷர், சர்க்கரை மருந்துகளோடு சேருமா என்று பார்க்க வேண்டியிருப்பதாலும் உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

மற்ற மருந்துகள் அட்டையோடு, சீட்டோடு. டப்பாவில் கொட்டிக் கலந்து எடுத்துப் போனால் சோதனையிலும் பிரச்சினை, மறதியிலும் பிரச்சினை. பயண நாட்களுக்கு மேல் இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்து எடுங்கள். வங்காள விரிகுடா அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலுக்குப் பேர்போனது. தடம் மாறும், திரும்பும் நாள் தள்ளிப்போகும். இன்சுலின் போடுகிறவர்கள் அறையில் குளிர்பெட்டி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நைட்டியும் நீச்சல் குளமும்

அணைக்கட்டு முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டு வருகிற கூட்டம் காவிரியில் இறங்கிக் குளிக்கும் அழகைப் பார்த்தவர்களுக்கு நீச்சல் உடை என்ற சொல்லே சிரிப்பாக இருக்கும். புடவை, நைட்டி, நாலு முழ வேட்டி எல்லாமே நம் ஊரில் நீச்சல் உடைதான். கப்பல் குளத்தில் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள். நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். முழங்கை, முழங்கால் வரை மூடுகிற நைலான் உடை பெண்களுக்கு இப்போது சேலத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. கப்பலில் வாங்கலாம் என்றிருந்தால் விலையைப் பார்த்துக் குளிக்கும் ஆசையே போய்விடும்.

மேல்தளத்தில் காற்று முந்தானையை மதிக்காது. சேஃப்டி பின் ஒரு அட்டை, கயிறு வைத்த தொப்பி. குடை வேண்டாம், பிரித்தால் கையோடு இழுத்துக்கொண்டு போகும். உள்ளே ஏசி எலும்பைத் தொடும். மேட்டூர் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு ஒரு சால்வை, காலுறை. ஈரத்தளத்தில் வழுக்காத ரப்பர் செருப்பு. ஓர் இரவு விருந்துக்கு நன்றாக உடுத்தி வரச்சொல்வார்கள். கோட்டு தைக்கக் கிளம்பாதீர்கள். பட்டுக்கரை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் எந்தக் கோட்டுக்கும் குறைந்தவை இல்லை. மடிப்புக் கலையாமல் அந்த ஒரு செட்டை மட்டும் மேலாக வையுங்கள், அயர்ன் பாக்ஸ்தான் இல்லையே.

ஈரத் துண்டை பால்கனிக் கம்பியில் காயப்போடுவதும் கொடி கட்டுவதும் கூடாது. இதற்கு ஒரு சின்னத் தந்திரம் உண்டு. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தக் கொக்கி நாலு வாங்கிப் போனால் பை, தொப்பி, நாளைக்குப் போடும் சட்டை எல்லாம் சுவரில் தொங்கும். இந்தக் கட்டுரையிலேயே குறைந்த செலவில் நிறைந்த பலன் இதில்தான்.

உயிர்காப்பு ஜாக்கெட் கொண்டுபோக வேண்டுமா என்றும் கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், கப்பலில் ஆளுக்கொன்று இருக்கும். குழந்தைக்கு அதன் அளவில் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2012-ல் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' சாய்ந்து 32 பேர் இறந்தபிறகு, பயணிகளுக்கான ஒத்திகையைப் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு. அது கேட்டால் பெட்டியைத் தொடக்கூடாது. கண்ணாடி, அன்றைய மருந்து, அடையாள அட்டை மூன்றையும் ஒரு சிறு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு நடக்கலாம்.

இதெல்லாம் சொகுசுக் கப்பலுக்குச் சொன்னது. அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குப் போகும் அரசுக் கப்பலில் ஏறுகிறவர், சொன்னதில் பாதியைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஏறத்தாழ மூன்று நாள் பயணம், பங்க் வகுப்பில் வரிசைப் படுக்கை. அங்கே விரிப்பும் போர்வையும் தலையணையும் நம்முடையதாக இருந்தால் நிம்மதி. பெட்டியைக் கட்டிலோடு கட்ட சங்கிலி வேண்டும். கேன்டீன் சாப்பாடு அலுத்துவிடும், எனவே தட்டுவடை டின் கட்டாயம் வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து 2024 ஆகஸ்டில் காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய 'சிவகங்கை' வேறு கணக்கு. சில மணி நேரப் பயணம்தான், ஆனால் பெட்டியை எடை போடுவார்கள். எந்தக் கப்பல் என்று தெரியாமல் பெட்டி கட்டுவது வீண்.

திரும்பும்போது ஒரு சங்கதி. கடைசி இரவு, பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்துவிடச் சொல்வது பல கப்பல்களில் வழக்கம். காலையில் கரையில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஒழுங்காகக் கட்டுகிறேன் என்று எல்லாத் துணியையும் உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டு, காலையில் லுங்கியோடு நிற்கிற அப்பாக்கள் உண்டு. மறுநாள் உடுப்பைத் தோள்பையில் வைத்துக்கொண்ட பிறகே பெட்டியை வெளியே தள்ளுங்கள். கப்பல் காலையில் கரைக்கு வந்துவிடும், சேலத்துக்கு நீங்கள் எடுத்திருப்பது ராத்திரி ரயிலாக இருக்கலாம். அதுவரை பெட்டியைச் சென்ட்ரலில் க்ளோக் ரூமில் போட்டுவிட்டு மெரினா போகலாம், கபாலீசுவரரைப் பார்க்கலாம். ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பூட்டு இல்லாத பையை வாங்கமாட்டார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே சின்னப் பூட்டு இரண்டு எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.